மொட்டை மாடியில இருந்து கிரகங்களை போட்டோ எடுக்கிறது எப்படி: வானம் எப்படி இருந்தா என்ன பண்ணணும்

2025 நவம்பர்ல ஒரு ராத்திரி, சாயங்காலம் வரைக்கும் மழை கொட்டிட்டு எட்டு மணிக்கு மேல வானம் கழுவி விட்ட மாதிரி ஆயிடுச்சு, திருச்சியில எங்க வீட்டு மொட்டை மாடிக்கு அவசர அவசரமா டெலஸ்கோப்பை தூக்கிட்டு போய் சனியை பார்த்தேன். சுத்தி இருக்குற நட்சத்திரம் எல்லாம் ஜொலிஜொலிக்குது, ஆனா ஸ்க்ரீன்ல சனி கொதிக்கிற ரசம் மாதிரி நுரை கட்டி ஆடுது. வளையம் நமக்கு பக்கவாட்டுல திரும்பி ஊசி மாதிரி மெலிசா இருந்த சமயம் அது, அந்த ஊசியும் நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் எடுத்த வீடியோல ஒண்ணு கூட தேறல. அப்புறம் மார்கழியில ஒரு விடியக்காலை மூணு மணி, லேசா மூட்டம், நட்சத்திரம் பத்து பதினஞ்சு கூட கண்ணுக்கு தெரியல, சும்மா இருக்கோமேன்னு வியாழனை வச்சேன், படம் வரைஞ்சு ஒட்டுன மாதிரி அசையாம நிக்குது, ரெண்டு பெரிய பட்டையும் அதுக்குள்ள இருக்குற சின்ன சின்ன முடிச்சும் வெறும் லைவ் வியூலயே தெரியுது.

இந்த வழிகாட்டியில மத்தது எல்லாமே இதுல இருந்துதான் வருது. தெளிவான வானம் வேற, அமைதியான வானம் வேற. கிரக போட்டோவுக்கு நமக்கு வேணும்னா அமைதி. காவிரி படித்துறையில நின்னு தண்ணிக்கு அடியில கிடக்குற கூழாங்கல்லை பாருங்க, தண்ணி சுத்தமா இருந்தாலும் ஓட்டம் வேகமா இருந்தா கல்லு நெளியும், லேசா கலங்கி இருந்தாலும் தண்ணி நின்னுட்டா கல்லோட உருவம் தெளிவா தெரியும். காத்தும் அதே மாதிரிதான், சூடும் குளிருமா இருக்குற காத்து அடுக்குகள் ஒண்ணோட ஒண்ணு உரசுறப்ப வெளிச்சம் வளைஞ்சு வளைஞ்சு வருது. இதை அமெச்சூர் ஆளுங்க சீயிங்னு சொல்லுவாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

இன்னொரு நல்ல சேதி, தெரு விளக்கு, பௌர்ணமி நிலா, சிட்டி வெளிச்சம், எதுவுமே கிரகத்துக்கு தொந்தரவு இல்ல. நெபுலா, அதாவது விண்வெளியில இருக்குற மங்கலான வாயு மேகம் எடுக்குறவங்கதான் இருட்டு தேடி ஊர் ஊரா போகணும், நமக்கு மாடி போதும். அதோட நாம இருக்குற இடமும் ரொம்ப தோதான இடம். கிரகங்க எல்லாம் ராசி மண்டலத்துலயே ஓடுறதால தமிழ்நாட்டுல அதுங்க நல்ல உயரத்துல வரும். 2019, 2020ல வியாழன் ரொம்ப தெற்கே இருந்தப்ப லண்டன்ல அடிவானத்துக்கு மேல 17 டிகிரிக்குள்ளதான் வந்துச்சு, அதே சமயம் சென்னையில சுமார் 55 டிகிரி. உயரம் கூடக்கூட நடுவுல இருக்குற காத்து குறையும், 30 டிகிரியில பார்த்தா தலைக்கு மேல இருக்குறதை விட ரெண்டு மடங்கு காத்தை தாண்டி பார்க்கணும். பிலிப்பைன்ஸ்ல செபு நகரத்துல கிறிஸ்டோபர் கோன்னு ஒரு அமெச்சூர் இருக்கார், 2006ல வியாழன்ல ஒரு வெள்ளைப் புயல் சிவப்பா மாறிட்டதை உலகத்துக்கு முதல்ல சொன்னவர். செபு இருக்குறது ஏறக்குறைய நம்ம திருச்சியோட அட்சரேகையிலதான்.

என்னென்ன வேணும்

என்கிட்ட இருக்குறது 8 இன்ச் டாப்ஸோனியன் (கையால தள்ளி திருப்புற கண்ணாடி டெலஸ்கோப்), குவியதூரம் 1200 மில்லிமீட்டர், அதை கண்ணாடி அகலத்தால வகுத்தா எஃப் 6. மோட்டார் கிடையாது. 5 இன்ச், 6 இன்ச் வச்சிருந்தாலும் இதுல சொல்ற எல்லாமே பொருந்தும், விவரம் கொஞ்சம் கம்மியா வரும் அவ்வளவுதான். கேமரா வேணும்னா ஐஎம்எக்ஸ் 462 சென்சார் மாதிரி 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள சின்ன கலர் பிளானட்டரி கேமரா, யுஎஸ்பி 3, எஸ்எஸ்டி உள்ள லேப்டாப், ஒரு பார்லோ லென்ஸ் (குவியதூரத்தை ரெண்டு மூணு மடங்காக்கி படத்தை பெருசாக்குற லென்ஸ்), ஒரு யுவி ஐஆர் கட் ஃபில்டர். இந்த ஃபில்டரை விட்டுறாதீங்க, இந்த மாதிரி சென்சார் எல்லாம் கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பையும் வாங்கி கலரை கெடுத்துடும்.

எந்த பார்லோன்னு குழம்ப வேண்டாம், பிக்சல் சைஸை அஞ்சால பெருக்குங்க, வர்ற நம்பர் உங்க எஃப் நம்பரா இருக்கணும். 2.9ஐ 5ஆல பெருக்குனா 14.5, என் டெலஸ்கோப் எஃப் 6, அதனால 2.5 எக்ஸ் பார்லோ போட்டா எஃப் 15, முடிஞ்சுது. நல்ல ராத்திரியில ஆறு மடங்கு வரைக்கும் போகலாம், மோசமான ராத்திரியில மூணு மடங்குக்கே இறங்கிடணும். பெருசா தெரியணும்னு 5 எக்ஸ் பார்லோ மாட்டுறதுதான் புதுசா வர்றவங்க பண்ற முதல் தப்பு, படம் பெருசாகும், மங்கலாகும், புது விவரம் ஒண்ணும் வராது.

கேமரா வாங்க காசு இல்லைன்னா போனே போதும், நானும் முதல் ஒரு வருஷம் போன்லதான் எடுத்தேன். 10 மில்லிமீட்டர் ஐபீஸ் (கண்ணு வச்சு பார்க்கிற லென்ஸ்), அதுல ஒரு போன் ஹோல்டர், ப்ரோ மோடுல ஐஎஸ்ஓவையும் ஷட்டரையும் கையால வச்சு, கிரகம் வெள்ளை பொட்டா இல்லாம லேசா மங்கலா தெரியுற அளவுக்கு குறைச்சு, ஃபோகஸை லாக் பண்ணிட்டு வீடியோ எடுங்க. போட்டோ வேண்டாம், வீடியோ. ஏன்னு கீழ வரும்.

ராத்திரிக்கு முன்னாடி பண்ண வேண்டியது

மாடியோட கான்கிரீட் பகல் பூரா வெயில் குடிச்சிருக்கும், ராத்திரி பத்து மணி வரைக்கும் அதை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். அதனால நான் சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு மூணு வாளி தண்ணி தெளிச்சு விடுவேன், கோடையில இது கண்கூடா வித்தியாசம் காட்டும். டெலஸ்கோப்பை ஒரு மணி நேரம் முன்னாடியே வெளியே வச்சிடணும், வீட்டுக்குள்ள சூடா இருந்த கண்ணாடி குளிர்ற வரைக்கும் குழாய்க்குள்ளயே காத்து சுழலும். பின்பக்கம் சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் இருந்தா அரை மணியில வேலை முடியும். அப்புறம் கிரகத்துக்கும் உங்களுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க. பக்கத்து வீட்டு ஏசி அவுட்டோர் யூனிட், தகர ஷெட், பகல் சூடு ஏறுன தண்ணி டேங்க், இதுங்களுக்கு மேல கிரகம் இருக்குறப்ப எடுக்காதீங்க, ஒரு மணி நேரம் காத்திருந்தா நகர்ந்து வந்துடும்.

கொலிமேஷன், அதாவது கண்ணாடிங்க ரெண்டும் ஒரே நேர்ல இருக்கான்னு பார்க்கிறது. இதை மட்டும் தயவு செஞ்சு ஒவ்வொரு ராத்திரியும் பண்ணுங்க. மாடிப்படி ஏறி தூக்கிட்டு வர்றப்பவே டாப்ஸோனியன் கண்ணாடி நகர்ந்துடும். முதல்ல செஷயர் ஐபீஸ் (கண்ணாடி நேரா இருக்கான்னு பார்க்கிற சின்ன குழாய்) வச்சு ஓரளவு சரி பண்ணிக்குங்க, அப்புறம் கிரகத்துக்கு பக்கத்துல இருக்குற ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை வச்சு ஃபோகஸை கொஞ்சம் வெளியே எடுத்தா மெதுவடை மாதிரி ஒரு வட்டம் தெரியும், வடையோட ஓட்டை சரியா நடுவுல இருக்கணும். ஒரு பக்கமா ஒதுங்கி இருந்தா கண்ணாடி ஸ்க்ரூவை கால் திருப்பு, அரைக்கால் திருப்புன்னு திருப்பி, ஒவ்வொரு தடவையும் நட்சத்திரத்தை திரும்ப நடுவுக்கு கொண்டு வந்து பாருங்க. ஆறு மாசம் சீயிங் சரியில்லை சீயிங் சரியில்லைன்னு நான் திட்டிக்கிட்டு இருந்ததுல பாதி, கொலிமேஷன் சரியில்லாததுதான்.

வானத்தை படிக்கிறது

தலைக்கு மேல இருக்குற நட்சத்திரத்தை அண்ணாந்து பாருங்க. அதுவே கண் சிமிட்டுதுன்னா சீயிங் மோசம். அடிவானத்துல இருக்குறது மட்டும் சிமிட்டி மேல இருக்குறது நிலையா எரிஞ்சா நல்ல ராத்திரி. அடுத்து ஸ்க்ரீன்ல கிரகத்தோட விளிம்பை பாருங்க. விளிம்பு மேல சின்ன சின்ன அலை வேகமா ஓடுதுன்னா உயரத்துல காத்து வேகமா இருக்கு, அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. மொத்த கிரகமும் சோம்பலா வீங்கி வீங்கி சுருங்குதுன்னா அது பக்கத்து சூடு, டெலஸ்கோப்போ மாடியோ இன்னும் ஆறல, காத்திருந்தா சரியாகும். இந்த ரெண்டையும் பிரிச்சு பார்க்க கத்துக்கிட்டா எந்த ராத்திரி படுத்து தூங்கலாம், எந்த ராத்திரி முழிச்சிருக்கணும்னு தெரிஞ்சிடும்.

வின்டிங்கிற வானிலை ஆப்ல உயரத்தை 200, 150 எச்பிஏவுக்கு (உயரத்தை காத்தழுத்தத்தால சொல்ற அளவு) மாத்தி காத்து வேகம் பாருங்க. வட இந்தியாவுல குளிர்காலத்துல மேற்கு ஜெட் காத்து தலைக்கு மேல ஓடும், நமக்கு அது பெரும்பாலும் வடக்கேயே போயிடும், மார்கழி தை மாசி நமக்கு நல்லா இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் நம்ம தீபகற்பத்துக்கு மேலயே கிழக்கு ஜெட் காத்து ஓடுது, 1950கள்ல இதை விவரிச்சு எழுதுனவர் இந்திய வானிலைத் துறையில இருந்த பி. கோடீஸ்வரம். கீழ ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது போக மேலயும் இப்படி ஒரு காத்து இருக்கு. அந்த மாசங்கள்ல விடியக்காலை நாலு மணி வாக்குல காத்து அடங்குற ஒரு மணி நேரத்தை மட்டும் நம்புங்க.

எடுக்கிறது

ஏன் வீடியோன்னா, காத்து எந்நேரமும் ஒரே மாதிரி கலங்கறதில்ல, நடுநடுவுல நொடியில ஒரு சின்ன பங்கு நேரம் அமைதியா இருக்கும், ஆயிரக்கணக்குல ஃப்ரேம் எடுத்தா அந்த அமைதியான நேரத்துல விழுந்த ஃப்ரேமை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். லக்கி இமேஜிங்னு பேர், 1978லயே டேவிட் ஃப்ரீட்னு ஒரு விஞ்ஞானி இந்த மாதிரி ஃப்ரேம் கிடைக்கிற வாய்ப்பை கணக்கு போட்டு எழுதிட்டார்.

வீடியோ பிடிக்கிற மென்பொருளுக்கு ஃபயர்கேப்சர் இல்லைன்னா ஷார்ப்கேப், ரெண்டுமே நல்லது. ஃபார்மேட் எஸ்இஆர் (சுருக்காத வீடியோ கோப்பு), 8 பிட், டிபேயர் (எடுக்குறப்பவே கலராக்குறது) ஆஃப். எக்ஸ்போஷர் (ஒரு ஃப்ரேம் வெளிச்சம் வாங்குற நேரம்) தான் முதல்ல, கெயின் (சென்சார் சிக்னலை கூட்டுறது) அப்புறம்: வியாழனுக்கு 5ல இருந்து 10 மில்லி செகண்ட், சனிக்கு 15ல இருந்து 30, செவ்வாய் கிட்ட வர்ற சமயத்துல 2ல இருந்து 5. அதுக்கு மேல போனா ஒரே ஃப்ரேம்குள்ளயே காத்து அசைஞ்சிடும். எக்ஸ்போஷரை வச்சிட்டு ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவை காட்டுற வரைபடம்) 50, 60 சதவீதம் வர்ற வரைக்கும் கெயினை ஏத்துங்க. ஒரு ஃப்ரேம் மணல் மணலா தெரிஞ்சா பயப்படாதீங்க, ரெண்டாயிரம் ஃப்ரேம் சேர்றப்ப அது போயிடும், கலங்குன ஃப்ரேம் மட்டும் எத்தனை சேர்த்தாலும் தெளியாது.

எவ்வளவு நேரம் எடுக்கலாம்? வியாழன் 9 மணி 55 நிமிஷத்துல ஒரு சுத்து சுத்திடும். 45 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600ஆ வெட்டுனா ஒரு பங்கு) அகலமா தெரியுறப்ப நடுப்பகுதி நிமிஷத்துக்கு சுமார் 0.24 ஆர்க் செகண்ட் நகரும், 8 இன்ச் டெலஸ்கோப் பிரிச்சு காட்டுறது 0.57 ஆர்க் செகண்ட், அதனால ரெண்டு நிமிஷம் வரைக்கும் நகர்ந்தது தெரியாது. சனிக்கு நாலு நிமிஷம், செவ்வாய்க்கு அஞ்சு நிமிஷம் தாராளமா எடுக்கலாம். நொடிக்கு 150 ஃப்ரேம், 640க்கு 480 கட்டம்னா ரெண்டு நிமிஷத்துக்கு 18,000 ஃப்ரேம், அஞ்சரை ஜிபி. டிஸ்க்ல இடம் இருக்கான்னு முன்னாடியே பார்த்துக்குங்க.

மோட்டார் இல்லாத டாப்ஸோனியன்காரங்களுக்கு தனியா சொல்றேன். வானம் நொடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகரும், என் செட்டப்ல 1920 பிக்சல் அகலத்தை கிரகம் கடக்க 25 நொடி ஆகுது. கேமராவை திருப்பி கிரகம் நகர்ற திசையில சென்சாரோட நீள பக்கம் வர்ற மாதிரி வச்சுக்குங்க, கட்டத்தை 1920க்கு 400னு ஒல்லியா வெட்டுங்க, ஃப்ரேம் வேகமும் கூடும். கிரகத்தை ஒரு ஓரத்துல விட்டுட்டு கையை எடுத்துருங்க, ரெக்கார்ட் போடுங்க, அது பாட்டுக்கு மிதந்து அந்த ஓரம் போகட்டும், திரும்ப கொண்டு வந்து விடுங்க. வீடியோவை அப்புறம் பிப்னு ஒரு இலவச மென்பொருள்ல போட்டா எல்லா ஃப்ரேம்லயும் கிரகத்தை நடுவுக்கு கொண்டு வந்து குடுத்துடும், போன் வீடியோவுக்கும் இதேதான். ஒண்ணு கவனிங்க, நம்ம ஊர்ல கிரகம் தலைக்கு நேர் மேல வந்துடும், அப்ப டாப்ஸோனியனை தள்ளுறது நரகம், உச்சிக்கு வர்றதுக்கு ஒண்ணரை ரெண்டு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ, 60 டிகிரி வாக்குல இருக்குறப்ப எடுங்க. ஈக்வடோரியல் மவுன்ட் (துருவத்தை நோக்கி வச்சா வானத்தோட சேர்ந்து சுழல்ற தாங்கி) வச்சிருக்கவங்களுக்கு வேற கஷ்டம், துருவ நட்சத்திரம் திருச்சியில 11 டிகிரி உயரம்தான், எதிர் வீட்டு மாடிக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும். காம்பஸ் வச்சு வடக்கை ஓரளவு பிடிச்சுட்டா கிரகத்துக்கு அது போதும், அப்பப்ப பட்டனை தட்டி நடுவுக்கு கொண்டு வரலாம்.

ஃபோகஸ்: கிரகத்தை பார்த்து பண்ணாதீங்க, வியாழன்னா அதோட நிலாக்களை பாருங்க, அது எவ்வளவு சின்ன புள்ளியா ஆகுதோ அதுதான் ஃபோகஸ். குமிழை தொட்டாலே படம் ஆடும், அதுல துணி காயப்போடுற கிளிப் ஒண்ணை மாட்டி அந்த கிளிப்பை தள்ளுங்க, ஆட்டம் பாதியா குறையும், நுணுக்கமாவும் திருப்பலாம். அரை மணிக்கு ஒரு தடவை திரும்ப பாருங்க, குளிர குளிர ஃபோகஸ் நகரும்.

வானத்துக்கு தக்கபடி

மூட்டம் ஆனா அமைதி, மார்கழி மாதிரி: இதுதான் பொன்னான நேரம், எக்ஸ்போஷரை கூட்டாதீங்க, கெயினை மட்டும் கூட்டுங்க, பத்து வீடியோவாவது எடுங்க. பனி விழும், டாப்ஸோனியன்ல செகண்டரி கண்ணாடியிலயும் ஷ்மிட் காஸ்கிரெயின் வகையில முன் கண்ணாடியிலயும் ஈரம் படியும். யோகா மேட்டை வெட்டி குழாய் வாயில சுருட்டி நீட்டி விட்டா ஒரு மணி நேரம் கூடுதலா தாங்கும். துணியால துடைச்சிடாதீங்க, ஹேர் டிரையரை தூரத்துல பிடிச்சு காட்டுங்க.

தெளிவு ஆனா கொந்தளிப்பு, மழை விட்ட ராத்திரி மாதிரி: பார்லோவை சின்னதாக்குங்க இல்ல கழட்டிடுங்க. 685 நானோமீட்டர் ஐஆர் பாஸ் ஃபில்டர் இருந்தா யுவி ஐஆர் கட்டை எடுத்துட்டு அதை மாட்டுங்க, அலைநீளம் கூடுன வெளிச்சத்தை காத்து கம்மியா கலைக்கும், வியாழனும் செவ்வாயும் கருப்பு வெள்ளையில ஆச்சரியமா வரும். எக்ஸ்போஷர் ரெண்டு மூணு மடங்கு ஆகும், பரவாயில்ல. அதுவும் இல்லைன்னா அன்னைக்கு வியாழனோட நாலு நிலாவையும் சேர்த்து ஒரு அகலமான படம் எடுங்க, அதுக்கு இந்த வானம் போதும்.

மேகம் ஓடி ஓடி வருதுன்னா வீடியோவை 30, 40 நொடி துண்டா எடுங்க, ஆட்டோ எக்ஸ்போஷர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

காத்து அடிக்குதுன்னா மாடி கைப்பிடி சுவரோட மறைவுக்கு இறங்கிடுங்க, யாரும் பக்கத்துல நடக்கக் கூடாது.

கிரகம் 40 டிகிரிக்கு கீழ இருந்தா ஒரு ஓரம் நீலமாவும் ஒரு ஓரம் சிவப்பாவும் தெரியும், காத்து பட்டகம் மாதிரி வெளிச்சத்தை பிரிக்குது. ஏடிசின்னு ஒரு கருவி இதை சரி பண்ணும், உயரத்துல வர்ற வரைக்கும் காத்திருந்தா அந்த காசு மிச்சம். வெள்ளிக்கு மட்டும் காத்திருக்க முடியாது, சூரியன் மறைஞ்ச உடனே உயரமா இருக்குறப்பவே எடுத்தாகணும். ஆனா சூரியன் முழுசா மறையாம டெலஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பவே திருப்பாதீங்க, ஒரு நொடி போதும் கண்ணு போயிடும், குழந்தைங்க வீட்டுல இருந்தா மூடியை கழட்டுறதே சூரியன் மறைஞ்சப்புறம்னு வச்சுக்குங்க.

வீடியோவுல இருந்து படம்

ஃப்ரேமை பொறுக்கி சேர்க்குற ஆட்டோஸ்டாக்கர்ட்ங்கிற மென்பொருள்ல வீடியோவை போட்டு, பிளானட்னு தேர்ந்தெடுத்து, அனலைஸ் குடுங்க. தரத்தோட வரைபடம் ஒண்ணு வரும், அது இடது பக்கத்துல இருந்து எங்க சரியுதுன்னு பாருங்க. நல்ல ராத்திரின்னா 40, 50 சதவீதம் ஃப்ரேமை எடுத்துக்கலாம், மோசமான ராத்திரின்னா 10 சதவீதம். அலைன் புள்ளி (ஃப்ரேமுங்களை ஒண்ணோட ஒண்ணு பொருத்துற இடம்) 48 பிக்சல் அளவுல ஆரம்பிங்க, சீயிங் மோசமா இருந்தா பெருசாக்குங்க. டிரிஸில் (சேர்க்குறப்ப படத்தை பெருசாக்குற வசதி) வேண்டாம்.

வர்ற படம் மொழுக்குன்னு இருக்கும், ஏமாந்துடாதீங்க, விவரம் எல்லாம் உள்ள இருக்கு. ரெஜிஸ்டாக்ஸ்னு இன்னொரு மென்பொருள்ல வேவ்லெட் (விவரத்தை கூர்மையாக்குற) ஸ்லைடரை ஒவ்வொண்ணா மெதுவா நகர்த்துங்க. முதல் ஸ்லைடர் மெல்லிசான விவரத்தையும் இரைச்சலையும் சேர்த்தே தூக்கும், அதனால அதுக்கு டீநாய்ஸ் கொஞ்சம் குடுங்க, ரெண்டாவது மூணாவதுலதான் பட்டைங்க எழுந்து வரும். ஆர்ஜிபி அலைன் (சிவப்பு, பச்சை, நீலத்தை ஒண்ணு மேல ஒண்ணு பொருத்துறது) ஒரு தடவை அழுத்துங்க. கிரகத்தோட விளிம்புக்கு உள்பக்கம் வெங்காயத் தோல் மாதிரி ஒரு கோடு வந்துச்சுன்னா, குறிப்பா செவ்வாய்ல, அது அங்க இல்லாதது, நீங்க கூட்டுனது அதிகம், பின்னாடி வாங்க. நான் ஒரு படத்தை முடிச்சிட்டு அடுத்த நாள் காலையில திரும்ப பார்ப்பேன், ராத்திரி ரெண்டு மணிக்கு அருமையா தெரிஞ்சது காலையில கரடுமுரடா தெரியும், கால் பங்கு குறைப்பேன்.

பழகின பிறகு வின்ஜூபோஸ்ங்கிற மென்பொருளை கத்துக்குங்க, வியாழனோட சுழற்சியை கணக்கு போட்டு அஞ்சாறு ரெண்டு நிமிஷ வீடியோவை ஒரே படமா சேர்த்துடும். அதுக்கு ஒவ்வொரு வீடியோவோட நடு நேரமும் யூடி நேரத்துல, அதாவது நம்ம நேரத்துல அஞ்சரை மணி கழிச்சு, நிமிஷ சுத்தமா வேணும், லேப்டாப் கடிகாரத்தை இன்டர்நெட்ல சரி பண்ணிட்டு ஆரம்பிங்க.

சனி 2026 அக்டோபர் 4ஆம் தேதி சூரியனுக்கு நேரெதிரா வருது, வளையம் 2025ல இருந்ததை விட நல்லா திறந்திருக்கும், புரட்டாசி மேகத்துக்கு நடுவுல இடைவெளி பார்த்து எடுக்கணும். 2027 பிப்ரவரியில வியாழனும் செவ்வாயும் சிம்ம ராசிப் பக்கம் ஒண்ணுக்கொண்ணு கிட்டத்துல ராத்திரி முழுக்க இருக்கும், செவ்வாய் 14 ஆர்க் செகண்ட் அளவுதான், சின்னதுதான், ஆனா மாசி மாச வானம். நான் இப்பவே ஒரு நோட்டுல தேதி, மணி, காத்து, சிமிட்டல், பத்துக்கு எத்தனை மார்க் சீயிங்னு தினமும் ஒரு வரி எழுதிட்டு வர்றேன், எடுக்காத ராத்திரிக்கும் எழுதுறேன், எங்க மாடியில எந்த மணிக்கு வானம் அடங்குதுன்னு இப்ப அதுலதான் பார்த்துக்கிறேன்.